ஐந்தாம் தெருவின் இருதயம்

எத்திராஜ் மூன்றாவது பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டபோது, தெருமுனைப் பலகையில் எண்பத்தேழு எண்பத்தெட்டானது. ஐந்தாம் தெரு நிம்மதியாக மூச்சு விட்டது.

பஜ்ஜிக்கும் அந்த எண்ணுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது என்று எந்த டாக்டரும் சொல்வார். தெரு டாக்டரைக் கேட்கவில்லை, பலகையைத்தான் பார்த்தது. எண் ஏறிய அடுத்த நிமிஷம், கழிமுகத்தின் ஓரம் நின்ற மூன்று காற்றுத்திருப்பிகளும் கழுத்தைச் சாய்த்தன. ஒவ்வொன்றும் முந்நூறு அடிக் கோபுரம். உச்சியில் லாரி நீளத்துக்கு இறக்கைகள். ஆலைகளின் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த சாம்பல் படலம் ஐந்தாம் தெருவின் தலைக்கு மேல் இரண்டாகப் பிளந்து, நான்காம் தெருவிலும் ஆறாம் தெருவிலும் போய் இறங்கியது.

"இன்னா மாப்ள அப்புடிப் பாக்குற? நீயும் ஒண்ணு எடு," என்றார் எத்திராஜ்.

தணிகாசலம் எடுத்துக்கொண்டான். எத்திராஜ் அவன் மனைவி கஸ்தூரியின் அண்ணன். ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவர். இருபத்தெட்டு வருஷம் துறைமுக வாசலில் ஆட்டோ ஓட்டி, கன்டெய்னர் லாரிகளின் புகையை விழுங்கி விழுங்கி, இருதயக் குழாய் மூன்றையும் அடைத்துக்கொண்டவர். தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்ததால், பதினோரு மாதத்துக்கு முன்னால் தங்கை வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தார். வந்த அன்றே தெருவின் எண் நாற்பத்தொன்றிலிருந்து எழுபத்தொன்பதுக்குத் தாவியது. அன்று மாலையே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெகதா சால்வையோடு படியேறி வந்துவிட்டாள்.

விதி அப்படி. அந்த விதியை எழுத வைத்தவனே தணிகாசலம்தான்.

ஊரில் எல்லோருக்கும் கழுத்தெலும்புக்குக் கீழே அரிசி அளவில் ஒரு நெஞ்சுச்சில்லு உண்டு. மூச்சோடு உள்ளே போகும் நுண்தூசி நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் இறங்கி அதைக் கெட்டியாக்கும், குழாய்ச் சுவரைப் புண்ணாக்கும். சில்லு அதையெல்லாம் அளந்து, இந்த ஆளுக்கு மாரடைப்பு வர எவ்வளவு நெருக்கம் என்று நூற்றுக்கு ஓர் எண் போடும். ஆலைகளை மூட யாரும் தயாராக இல்லை. புகையை ஒழிக்க முடியவில்லை, திருப்ப முடிந்தது. எந்தத் தெருவை விட்டுத் திருப்புவது?

ஆறு வருஷத்துக்கு முன்னால் வளி வாரியக் கூட்டத்தில் இதைப் பேசினார்கள். முறை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். தெருவின் சராசரியைப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். கடைசி வரிசையிலிருந்து இளநிலைப் பொறியாளன் தணிகாசலம் எழுந்தான். சராசரி போட்டால் சாகக் கிடக்கிற ஒருத்தன் அதில் காணாமல் போய்விடுவான். தெருவில் யாருக்கு அபாயம் அதிகமோ, அவருடைய எண்தான் தெருவின் எண் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை அவன் ரொம்ப நாள் காதில் வைத்திருந்தான்.

ஜனங்கள் விதியைப் புரிந்துகொள்ள ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டு விளம்பரங்களில் லிஃப்ட், இருபத்துநாலு மணி நேரத் தண்ணீர் என்ற வரிசையில் 'தெருவில் இருதய நோயாளி உண்டு' என்று போட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள். ஆறாம் தெரு, இரண்டு முறை நெஞ்சைப் பிளந்து தைத்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து குடிவைத்தது. ஐந்தாம் தெருவுக்கு அந்தச் சிரமமில்லை. வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டு, எத்திராஜுக்கு டிபன் பாக்ஸ் அனுப்பியது. மட்டன் சுக்கா, எண்ணெய் மினுமினுக்கும் பரோட்டா, நெய் வழியும் அல்வா. அன்பு இல்லாமல் யாரும் அனுப்பவில்லை. அதுதான் கஷ்டம்.

ஜனவரி முதல் வாரத்தில் தணிகாசலத்தின் போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. எத்திராஜுக்குக் குழாய்த்துலக்கியில் இடம் கிடைத்துவிட்டது. தொடை வழியாக உள்ளே போகும் நூல் போன்ற கருவி. அடைப்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஒன்பதாம் தேதி காலை வரச் சொன்னார்கள்.

படித்து முடித்த கையோடு அவன் கண் கூடத்துக்குப் போனது. மகள் மிதுனா தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். ஏழு வயது. போன வருஷம் வரை குளிர்காலம் வந்தால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்துதான் தூங்குவாள். விலா எலும்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். மாமா வந்ததிலிருந்து மருந்துப்புகைக் கருவி பரணில் கிடந்தது. ஒன்பதாம் தேதி எத்திராஜ் குணமானால், பதினான்காம் தேதி போகி. ஊர் முழுக்கப் புகை. அந்தப் புகைக்கு ஐந்தாம் தெருவில் தடுப்பு இருக்காது.

ஜெகதாவும் வந்து பேசிவிட்டுப் போனாள். வேண்டாம் என்று அவள் சொல்லவே இல்லை. குழந்தை முகம் தெளிவாக இருக்கிறது என்றாள், போகிதான் பயமாக இருக்கிறது என்றாள், பெருமூச்சு விட்டாள்.

தணிகாசலம் வேறு தேதி கேட்டு ஆஸ்பத்திரிக்குப் பதில் அனுப்பினான். இருபத்திரண்டாம் தேதி கிடைத்தது. பதின்மூன்று நாள்தானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டு மாடிக்குப் போனான்.

"மெஷின் ரிப்பேராம் மச்சான். போகி கழியட்டும்னு சொல்லிட்டாங்க. இருபத்திரண்டு போட்டிருக்காங்க."

எத்திராஜின் முகம் ஒரு கணம் வாடியது. அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ.

"திருத்தணிக்கு வேண்டிக்கினுகீறேன். முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. துலக்கிட்டாங்கன்னா ஒரே மூச்சுல ஏறிடுவேன். உன் பேர்லயே மலை கீதே, நீயும் வா."

"வரேன் மச்சான்," என்றான் தணிகாசலம்.

தேதியை மாற்றியது தான்தான் என்று கஸ்தூரியிடம் அவன் சொல்லவில்லை.

போகியன்று விடிந்தும் விடியாததுமாகப் பறைகொட்டுச் சத்தம். மற்ற தெருக்களில் ஆளுக்குக் கொஞ்சம் பழம்பாயைக் கொளுத்திவிட்டு இருமிக்கொண்டே உள்ளே ஓடினார்கள். ஐந்தாம் தெருவுக்கு என்ன பயம்? மேலே வருகிற புகையைத்தான் கோபுரம் தள்ளிவிடுகிறதே. நாற்காலி, மெத்தை, உடைந்த கதவு, சைக்கிள் டயர் இரண்டு என்று மலையாகக் குவித்து, எத்திராஜுக்கு மரியாதை செய்வதாக நினைத்து அவர் வாசலிலேயே கொளுத்தினார்கள். அவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

தணிகாசலம் டயர் வேண்டாம் என்றான். யாரோ சிரித்துக்கொண்டே அதை நெருப்பில் தள்ளிவிட்டார்கள். எத்திராஜ் மடியில் ஒரு தடித்த காகிதக் கட்டு இருந்தது.

"என்ன மச்சான் அது?"

"பத்து வருஷத்து ஆஸ்பத்திரி ஃபைலு. எட்டு நாள்ல ஆளே புதுசா ஆய்டுவேன். பழசு இன்னாத்துக்கு?"

ஜெகதா கூப்பிட, அவன் தெருப் பிள்ளைகளின் பறைகொட்டைப் பார்க்கத் தெருமுனைக்குப் போனான். அங்கேதான் பலகை. தொண்ணூற்றொன்று. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூற்று மூன்று. கோபுரங்கள் வேகம் பிடித்தன. ஊரே கறுத்துக் கிடக்க, ஐந்தாம் தெருவுக்கு மேல் மட்டும் நீள்சதுரமாக நீல வானம் திறந்தது. தொண்ணூற்றாறு. கூட்டம் வானத்தைப் பார்த்துக் கைதட்டியது.

அந்த எண் வானத்தைப் பற்றியது அல்ல என்பது அங்கே ஒருவனுக்குத்தான் உறைத்தது. முந்நூறு அடி உயரத்தில் வருவதைக் கோபுரம் தள்ளும். காலடியில் கிளம்புவதை அது என்ன செய்யும்?

ஓடினான். சில்லு தானாக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். முன்பெல்லாம் தொண்ணூறிலேயே கூப்பிடும். வந்த புதிதில் எத்திராஜை அப்படி இரண்டு முறை தூக்கிப்போய், அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தெரு புகையில் தவித்தது. அதன் பிறகு வரம்பைத் தொண்ணூற்றெட்டுக்கு ஏற்றச் சொல்லிக் குடும்பத்தின் சார்பில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். போட்டவன் தணிகாசலம்.

நாற்பது வீடு தாண்டி அவன் வந்து சேர்ந்தபோது எத்திராஜ் நாற்காலியில் சரிந்திருந்தார். காகிதக் கட்டு பாதி நெருப்பில், பாதி மடியில்.

"எரிஞ்சிடுச்சா மாப்ள?" என்றார்.

"எரிஞ்சிடுச்சு மச்சான்."

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

மாடியிலிருந்து கஸ்தூரி பார்த்து அலறுவதற்கு முன்பே தெருவுக்குச் சேதி தெரிந்துவிட்டது. பலகையில் தொண்ணூற்றேழு நின்றது. பிறகு நாற்பத்து மூன்று என்று விழுந்தது. கோபுரங்கள் நிதானமாக ஆறாம் தெரு வாத்தியாரின் பக்கம் கழுத்தைச் சாய்த்தன. மேலே திறந்திருந்த நீலம் இரண்டு ஓரத்திலிருந்தும் மூடிக்கொண்டது. பிணத்தைச் சுற்றி அழுதவர்கள் எதற்காகக் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வாரமே பரணிலிருந்து மருந்துப்புகைக் கருவி இறங்கியது. மிதுனா மறுபடி உட்கார்ந்து தூங்கப் பழகினாள். தணிகாசலம் அவளுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டாம் தேதி காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, எத்திராஜ் ஏன் வரவில்லை என்று. கஸ்தூரி எடுத்தாள். போனில் பேசிய பெண் பாவம், முதலில் கொடுத்த ஒன்பதாம் தேதிக்கும் வரவில்லையே என்று சேர்த்துக் கேட்டாள்.

கஸ்தூரி சண்டை போடவில்லை. "அண்ணன் ஒன்பதாந்தேதியே போயிருக்கலாமாங்க?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலைகுனிந்தான். அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசியதெல்லாம் குழந்தையைப் பற்றி மட்டும்தான். வெள்ளை ஷூவை அவள் துடைத்து, அவன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள்.

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. புகை மட்டும் தவறாமல் இறங்கியது. சித்திரையில் அவன் எண் ஐம்பத்தெட்டு. வைகாசியில் அறுபத்து நான்கு. ஆனி கடைசியில் ஒரு நாள் படியேறும்போது இடது தோள் இழுத்தது. டாக்டர் படத்தைப் பார்த்து இரண்டு அடைப்பு என்றார், குழாய்த்துலக்கிக்குப் பெயர் பதிந்துகொண்டார், இரண்டே வாரத்தில் இடம் கிடைக்கும் என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தெருமுனையில் நின்று பார்த்தான். எண்பத்தொன்று. ஆறாம் தெருவை விட இரண்டு அதிகம். கோபுரங்கள் ஏற்கெனவே திரும்பியிருந்தன.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் மிதுனா மல்லாந்து படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் படுத்துத் தூங்குவதை அவன் அப்போதுதான் பார்க்கிறான். பக்கத்தில் கஸ்தூரி, குழந்தையின் நெஞ்சில் கை வைத்தபடி. அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று படிக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

மேஜையில் வரிசையாக ஆறு டிபன் பாக்ஸ். ஏழாவதைத் திறந்தபடி ஜெகதா நின்றாள். சூடான வாழைக்காய் பஜ்ஜி.

"ஆபரேஷன்னு சொன்னாங்களாமே தம்பி," என்றாள் ஆதரவாக. "செஞ்சிக்கலாம், அவசரமில்ல. ஆடி கழியட்டும்."

தணிகாசலம் கஸ்தூரியைப் பார்த்தான். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கை நீட்டி ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டான்.