சிவப்பைக் கொஞ்சம் கூட்டும்மா

திருநெல்வேலிக் கோபுரக் குடியிருப்பின் அறுநூற்றுப் பன்னிரண்டாம் மாடிக்கு மின்தூக்கியில் போய்ச் சேருவதற்குள் எஸ்தர் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டாள். அவள் திரைச்சீராளர், வீட்டுத் திரைகளின் நிறத்தைச் சரிசெய்வது அவள் வேலை. அப்போது திரைச்சீராளரைத் தவிர யாரும் யாரையும் நேரில் பார்ப்பதில்லை. கணவன் மனைவிகூட ஆளுக்கோர் அறையில் இருந்துகொண்டு திரைவழியாகத்தான் குடித்தனம். பிள்ளை எப்படிப் பிறந்தது என்று கேட்காதீர்கள், அதற்குத் தனிக் கருவி இருந்தது.

வீட்டுக்காரர் சுடலைமுத்து சுவரளவுத் திரையைக் காட்டினார். "திரை போச்சும்மா. எம் பொண்டாட்டியப் பாரு, வெள்ளக் காயிதம் மாதிரி இருக்கா. மூணு மாசமா இப்படித்தான்."

திரையில் பேச்சித்தாய் மூச்சு வாங்கியபடி பையில் துணி அடுக்கினாள். "இப்ப டாக்டர் திரையில வருவாவ. ஆஸ்பத்திரி பெட்டுல சேரச் சொன்னா போணும்லா?"

"திரைக் கோளாறுக்கு டாக்டராம்!"

எஸ்தர் நிறமானியைத் திரையில் ஒட்டினாள். சாம்பல் கட்டங்கள் ஓடி முடிந்தன. கோடியில் ஒரு பங்கு பிழைகூட இல்லை.

"திரை சரியாத்தான் இருக்கு, அண்ணாச்சி. மதினிதான்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். வீட்டாரின் உடம்பைப் பற்றிப் பேசினால் உரிமம் பறிபோகும். வீட்டுக்காரர் 'தெளிவு' என்று சொல்கிற நிறமே சரியான நிறம் என்பது சட்டம்.

"ஒரு எட்டு அந்த ரூமுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்களேன். ஆறடிதான்."

"நேர்லயா?" சுடலைமுத்து சிரித்த சிரிப்பில் நானூறாம் மாடியில் பால் திரிந்தது. "நல்ல கூத்து! சிவப்பக் கொஞ்சம் கூட்டும்மா."

கூட்டினாள். ஏழு. பன்னிரண்டு. பதினெட்டு. பேச்சித்தாயின் கன்னம் தக்காளியானது.

"தெளிவு!" என்று பொத்தானை அழுத்தினார். வீட்டுக்குள் தெரியும் படம், வீட்டிலிருந்து போகும் படம் எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு ஓராண்டுக்குப் பூட்டிக்கொண்டது.

பேச்சித்தாய் தன் அறைக் கண்ணாடியைப் பார்த்தாள். அதுவும் திரைதான். "அட, நல்லாத்தான இருக்கேன்!"

மருத்துவர் திரையில் வந்தார், கன்னத்தைப் பார்த்தார். "ரத்தம் ததும்புதேம்மா! பையப் பிரிச்சி வைங்க." போய்விட்டார்.

அவள் ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்தாள். மூன்றாவது சேலையில் கை நின்றது. பாதி காலியான பைமேல் மெதுவாகச் சாய்ந்தாள்.

சுடலைமுத்து குரலைத் தணித்தார். "அசந்து தூங்குறா. கன்னத்துல என்ன களை, பாத்தியாம்மா!"

எஸ்தர் ஆறடி தள்ளியிருந்த கதவைப் பார்த்தாள். பிறகு படிவத்தில் எழுதினாள்: குறை தீர்ந்தது.