ஆரிபாவுக்கு எந்த வீடு?

“சிமென்ட் வீடுதான்! மேலே தளம், வழவழன்னு தரை, எல்லாமே புதுசா…”

“ஓட்டு வீடுதாங்க! சுண்ணாம்புச் சுவரு, எம்புட்டுக் குளுமையா…”

“நான் பேசுறப்ப நீ பேசாதே, அஜீசு!”

“நான் பேசிக்கிட்டிருந்தப்பதான் நீங்க பேசுனீங்க!”

ஆரிபாவின் வாப்பா நூர் அகமது துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். திரும்பிப் போவதற்குள் தலத்தெரு ஊரில் ஒரு வீடு வாங்கிவிட வேண்டும். தரகர் இளையபெருமாள் காட்டியதில் மிச்சம் நின்றவை இந்த இரண்டு வீடுகள்தான். காலையிலிருந்து வாப்பாவும் உம்மா அஜீசும் மல்லுக்கு நின்றார்கள்.

ஆரிபா தம்பியை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். பாவம், அவன் உடம்பெல்லாம் வேர்க்குரு.

“வீடு நமக்கா? ஆரிபாவுக்குத்தானே!” என்றார் வாப்பா. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்து அசந்து போகணும்.”

அவர்கள் குடும்பத்து வழக்கம் அது. கல்யாணமானால் பெண் வேறு வீட்டுக்குப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணுக்குத்தான்.

விசிறி நின்றது.

“வீடு எனக்கா வாப்பா?”

“ஒனக்குத்தாம்மா.”

“அப்ப என்னை ஏன் யாருமே கேக்கல?”

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயை மூடினார்கள். காலையிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

“சரி, நீயே சொல்லு. எது வேணும்?” என்றாள் உம்மா.

எதைச் சொன்னாலும் ஒருவர் முகம் வாடிவிடும். ஆரிபா யோசித்தாள்.

“ரெண்டு வீட்டையும் நீங்க சாயங்காலத்துலதானே பாத்தீங்க? உச்சி வெயில்ல போய்ப் பாப்போம். சோத்தையும் எடுத்துக்கிட்டுப் போவோம்.”

ஜும்மா தொழுகை முடிந்து வாப்பா வந்ததும் தூக்குச்சட்டியும் பாயுமாகக் கிளம்பினார்கள். தரகர் சிமென்ட் வீட்டைத் திறந்துவிட்டார். நெய்ச்சோறு தட்டில் ஆறவே இல்லை. தம்பி வீல் வீலென்று கத்தினான். வாப்பாவின் நெற்றியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“வேர்க்குதா வாப்பா?”

“வேர்வையா? தொழப் போறப்ப ஒளு செஞ்சு மூஞ்சி கழுவுனேன்ல, அந்தத் தண்ணி!”

“தொழுதுட்டு, நடந்து வந்து, சோறும் தின்னாச்சு. இன்னுமா காயல?”

உம்மா சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள்.

“பேன் போட்டா சரியாப் போயிரும்,” என்றார் வாப்பா.

“கரண்டு போயிட்டா?”

வாப்பா துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த தெருவில் இருந்தது ஓட்டு வீடு. உள்ளே போனதும் தம்பி சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டான். அழுகை நின்றுவிட்டது. தரையில் மட்டும் காசளவு வெயில் விழுந்திருந்தது.

வாப்பா பாய்ந்தார். “பாத்தியா, ஓட்டை! மழை பேஞ்சா ஒழுகும்!”

“ரெண்டு ஓடு மாத்துனா சரியாப்போச்சு வாப்பா. அந்த வீட்டுத் தளம் வெடிச்சா, தளத்தையே மாத்த முடியுமா?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க?”

“வெயில்ல வந்து இங்க உக்காந்தாங்கன்னா, எந்திரிச்சே போகமாட்டாங்க!”

வாப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆரிபா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“துபாயில நீங்க எங்க படுத்துக்குவீங்க வாப்பா?”

“தகரக் கொட்டகையிலதாம்மா. அடுப்புக்குள்ள படுத்த மாதிரி இருக்கும்.” வாப்பாவின் குரல் தாழ்ந்தது. “அதனாலதான் ஒனக்காவது தளம் போட்ட வீடா இருக்கட்டும்னு…”

ஆரிபா எழுந்தாள். பாயை உதறி விரித்தாள். “கொஞ்சம் படுங்க வாப்பா.”

படுத்தவர்தான். சாயங்காலம் பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லும் வரை குறட்டை நிற்கவில்லை.

வாசலில் தரகர் குரல் கேட்டது. “என்ன பாய், எந்த வீட்ட முடிக்கலாம்?”

வாப்பா எழுந்து உட்கார்ந்தார். தரகரைப் பார்க்கவில்லை, உம்மாவைப் பார்க்கவில்லை. ஆரிபாவைத்தான் பார்த்தார்.

“ஏம்மா ஆரிபா, ஒன் வீட்டுல இந்தப் பாய் போட்ட எடத்த மட்டும் வாப்பாவுக்கு விட்டுத் தருவியா?”