டிரிப் ஷீட்டில் ஐந்தாம் நாள்

திலகவதி மீட்டர் பார்ப்பதற்காக வண்டியில் ஏறவில்லை. ஊறுகாய் ஜாடியை உள்ளே வைக்கத்தான் ஏறினாள். ஆனால் இருபத்திரண்டு வருஷம் கம்பெனி பஸ்களின் மீட்டரைப் பார்த்தே சம்பளம் வாங்கியவளின் கண், எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் அங்கேதான் போகும். சிலருக்குக் கல்யாண வீட்டில் நேராக அடுத்தவள் கழுத்துக்குப் போவது போல.

84,382.

நேற்று அது 84,212.

வண்டி காம்பவுண்டை விட்டு நகரவில்லை. நகரவும் முடியாது. சோலார் வயரிங் போட வந்த ஜெரால்ட், பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனவன், டெங்குவில் படுத்துவிட்டான். பேட்டரி இருந்த இடத்தில் இப்போது ஒரு பல்லி குடித்தனம் நடத்துகிறது.

மணவாள நகரில் இந்த வண்டியைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. அவள் புருஷன் அன்புராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் முப்பது வருஷம் வெந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, ஒரு பழைய வேனை எடுத்து, அதற்குள் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கேரவன் என்று பெயரும் வைத்திருந்தார். கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான் என்பது தெருவுக்கே தெரியும். காஷ்மீர் வரை போய்த் திரும்ப இருபத்தெட்டு நாள். தினம் எத்தனை கிலோமீட்டர் என்பதில்தான் இருவருக்கும் ஒரு மாதம் சண்டை நடந்தது. பக்கத்து வீடுகளில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

“மொத நாளே விஜயவாடா. நானூத்தம்பது. இன்னா இப்போ?”

“உங்க முதுகு தாங்குமா? நெல்லூர். நூத்தி எழுபது. சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி நிக்கணும்.”

“நாலு மணிக்கு நிறுத்திட்டு நெல்லூர்ல இன்னா பண்றது? அரிசியில கல்லு பொறுக்கறதா?”

ஜெயித்தது திலகவதிதான். கம்பெனியில் அவள் டிரான்ஸ்போர்ட் கிளார்க்காக இருந்தபோது மிச்சமான டிரிப் ஷீட் புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருந்தாள். தேதி, எங்கிருந்து, எங்கே, ஆரம்ப ரீடிங், முடிவு ரீடிங், கையெழுத்து. அங்கே மாதம் பிறந்ததும் முப்பது நாளுக்கும் முடிவு ரீடிங் வரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவாள். பஸ் எப்படியும் ஓடத்தானே போகிறது. ஓடியதா என்று எவன் வந்து பார்க்கப் போகிறான்? அதே பழக்கத்தில் இருபத்தெட்டு நாளையும் சமையலறை மேஜையில் ஒரே மூச்சில் ஓட்டி முடித்தாள். நெல்லூர், ஒங்கோல், விஜயவாடா. ஒவ்வொரு வரியிலும் கையெழுத்து. முதல் வரியின் தேதி இந்த வாரத் திங்கட்கிழமை.

பேட்டரி போனதால் பயணம் பத்து நாள் தள்ளிப்போனது. ஷீட்டை யாரும் மாற்றவில்லை.

இன்று செவ்வாய்.

அவள் இறங்கி வந்து பானெட்டின் மேல் கை வைத்தாள். சூடு. விடிகாலைப் பனி வண்டி முழுக்க முத்து முத்தாக நிற்க, பானெட் மட்டும் காய்ந்து, அதிலிருந்து சுட்ட ரப்பர் நாற்றமும், அதற்கு அடியில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது எழும் அந்த இனிப்பான வாடையும் வந்துகொண்டிருந்தன. குனிந்தாள். முன் கிரில்லில் ஆட்டு மயிர். ரத்தம். இரும்புப் பட்டைக்குள் சொருகி நின்ற ஒரு குளம்பு.

அவளுக்கு முதலில் வந்த சந்தேகம் எந்தப் பெண்டாட்டிக்கும் வருவதுதான். மனுஷன் எங்கிருந்தோ பேட்டரி இரவல் வாங்கி, ராத்திரி திருட்டுத்தனமாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். நூற்று எழுபது கிலோமீட்டர்!

“மீட்டர் பழசு திலகா. அதுவா சுத்தும்” என்றார் அன்புராஜ், நாஷ்டாத் தட்டிலிருந்து தலை தூக்காமல்.

கம்பெனியில் டிரைவர்கள் திருட்டு டிரிப் அடித்தால் பிடிக்க அவளிடம் ஒரு வழி உண்டு. சக்பீஸால் டயரின் பக்கவாட்டிலிருந்து தரை வரை ஒரு கோடு. சக்கரம் அரை அங்குலம் உருண்டாலும் கோடு உடைந்துவிடும். அன்று சாயங்காலம் நான்கு சக்கரத்துக்கும் கோடு போட்டாள். வண்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள்.

புதன் காலை கோடுகள் நான்கும் போட்டபடியே இருந்தன.

மீட்டரில் 84,506. நூற்று இருபத்து நான்கு கூடியிருந்தது.

வைப்பரில் முடி சுற்றிக்கொண்டிருந்தது. நீளமான முடி. எண்ணெய் போட்டு வாரிப் பின்னியது, வாடாத மல்லிகை ஒரு முழம் தொங்க, நுனியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோலோடு. டயர் வரிகளுக்குள் கருஞ்சிவப்பாக ஏதோ அப்பிக்கிடந்தது. ஆனால் டயர் தொட்டுக்கொண்டிருந்த தரையில் ஒரு சொட்டு இல்லை.

அவள் போலீசுக்குப் போகவில்லை. ஹோஸ் பைப்பை எடுத்தாள். புருஷன் செய்ததென்று இன்னும் பாதி மனசு நம்பியது. அவரை ஜெயிலுக்கு அனுப்ப அவள் தயாராக இல்லை. ஓய்வு வாங்கி வீட்டோடு வந்தவரை இப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

மதில்மேல் கிறிஸ்டினாவின் தலை முளைத்தது. பக்கத்து வீட்டுக்காரி; லாரி டிரைவர் ஸ்டீபனின் மனைவி; அவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு கட்டுக் கொத்தமல்லி கூட வீடு போய்ச் சேராது.

“இன்னாக்கா, காலங்காத்தால வண்டிய குளிப்பாட்டிக்கினு கீறே? கறி எடுத்தியா? எங்க ஊடு வரைக்கும் வாசன வருது.”

“எலி செத்துடிச்சி.”

“எலியா? நல்லா வளத்துக்கீறே போ.”

வியாழக்கிழமை 84,652. நூற்று நாற்பத்தாறு. ஹெட்லைட் விளிம்பில் மூன்று பற்கள். ஒன்றில் வெள்ளி அடைத்திருந்தது. பம்பருக்குப் பின்னால் வேட்டி போல ஒரு துணி, இழுத்தாள், கனமாக வந்தது, விட்டுவிட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் இழுத்து, உர மூட்டைக்குள் போட்டுக் கட்டினாள். உள்ளே என்னவென்று பார்க்கவில்லை. விரல்கள் தட்டுப்பட்டன. எத்தனை என்று எண்ணவில்லை.

பத்து மணிக்கு மதில்மேல் தலை.

“அக்கா, எங்கூட்டுக்காரு போன் பண்ணாரு. விஜயவாடா ரூட்ல லோடு ஏத்திக்கினு போயிருக்காரு இல்ல. மூணு நாளா ஐவேஸ்ல ஒரு வெள்ள வண்டி ஆளுங்கள அடிச்சிக்கினே போவுதாம். ஒங்கோலாண்ட ஒரு பொம்பள, பூ வாங்கிக்கினு நின்னவ, அப்பிடியே இழுத்துனு போச்சாம். ஜன்னல்ல பூப்போட்ட திரை. ஓட்றவனே இல்லையாம்!” அவள் குரலில் பயத்தைவிட ருசிதான் அதிகம். பிறகு கேரவனின் ஜன்னல்களைப் பார்த்தாள். திலகவதி தன் கையால் தைத்த பூப்போட்ட திரைகள். “உன்து மாறியே, இல்ல?” என்றாள், மெதுவாக.

திலகவதி உள்ளே போய் டிரிப் ஷீட்டைப் பிரித்தாள்.

திங்கள், நெல்லூர், 170. செவ்வாய், ஒங்கோல், 124. புதன், விஜயவாடா, 146. முடிவு ரீடிங் 84,652. எல்லாம் அவள் கையெழுத்து. எல்லாம் ஓடி முடிந்த டிரிப்.

வியாழன், ஹைதராபாத், 275. அதுவும் கையெழுத்துப் போட்டாயிற்று.

கிழித்துப் போடலாம் என்று காகிதத்தின் ஓரத்தைப் பிடித்தாள். பிடித்த கை நின்றது. ஷீட் இருப்பதால்தான் அது 146-இல் நின்றது. ஷீட்டே இல்லாவிட்டால் எங்கே போய் நிற்கும்? ஹைதராபாத்தையும் 275-ஐயும் கோடு போட்டு அடித்து, மேலே லோக்கல், போக வர 50 என்று எழுதி, கம்பெனி வழக்கப்படி பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தாள். தூரம் குறைந்தால் சேதமும் குறையும். கணக்குச் சரியாகத்தான் தோன்றியது.

வெள்ளி காலை 84,702. சரியாக ஐம்பது.

சொல்பேச்சு கேட்கிறது! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு பம்பரில் ஒட்டிக்கொண்டிருந்த கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்தாள். நீல நாடா அறுந்திருந்தது. ரத்தத்துக்கு அடியில் தெரிந்த முகம் லோகு.

பதினாறு வருஷம் அவளைக் கும்மிடிப்பூண்டிக்கு ஏற்றிப்போன கம்பெனி பஸ் டிரைவர். வீடு பெரியபாளையம். இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து.

“ஃபர்ஸ்ட் ஷிப்டு வண்டி எடுக்க ரோட்டோரம் நின்னுக்கினு இருந்தாராம்” என்று கிறிஸ்டினா மதிலுக்கு அப்பால் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். “ஏத்திட்டு, ரிவர்ஸ் எடுத்து, திரும்ப ஏத்திச்சாம்மா. மூஞ்சே இல்லையாம்.”

கணக்கு இப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. தூரத்தைக் குறைத்தால் சேதம் குறையாது. பக்கத்தில் வரும். நெல்லூரில் ஆடு, ஒங்கோலில் யாரோ ஒருத்தி, பெரியபாளையத்தில் லோகு. இன்றைய வரியில் ஐந்நூறு என்று எழுதினால் அது எங்கோ முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத ஒருவனோடு போய்விடும். அவள் வீடு பிழைத்துக்கொள்ளும். அந்த எண்ணம் வந்த வேகத்தில் கையில் எடுத்துவிட்ட பேனாவை மூடி வைத்தாள். அந்தப் பின்னல். அந்த ஒரு முழம் மல்லிகை.

சாயங்காலம் எல்லாவற்றையும் அன்புராஜிடம் கொட்டினாள். அவர் ஷீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“காஷ்மீர் போவ உனுக்கு இஸ்டம் இல்ல. அத நேரா சொல்லேன். இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?”

“லோகு செத்துட்டாருங்க.”

“லோகு செத்தா என் வண்டி இன்னா பண்ணும்? பேட்டரியே இல்ல, பைத்தியக்காரி.” தலையணையை எடுத்துக்கொண்டார். “இன்னிக்கு நான் வண்டியிலயே படுக்கறேன். எங்க போவுதுன்னு நானும் பாக்கறேன். போனா காஷ்மீர்ல எறங்கி உனுக்கு ஆப்பிள் வாங்கியாறேன்.”

“வேணாங்க. சொன்னா கேளுங்க.”

அவர் கேட்கிற ஆளாக இருந்தால் வேனுக்குள் கக்கூஸ் கட்டியிருக்க மாட்டார். வண்டிக் கதவு உள்ளே தாழிடப்படும் சத்தம் கேட்டது.

திலகவதி மேஜைக்கு ஓடினாள். வெள்ளிக்கிழமை வரி. ஐந்நூறா? ஐந்நூறு என்றால் அவரையும் ஏற்றிக்கொண்டல்லவா போகும்? யோசிக்க ஒன்றுமில்லை. எண்ணை அடித்தாள். மேலே பெரிதாக, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி, 0 என்று எழுதினாள். ஆரம்பம் 84,702. முடிவு 84,702. கையெழுத்து.

பூஜ்ஜியம். எங்கும் போகாது. யாரையும் தொடாது. நான்கு நாளில் முதல் முறையாக அவள் தூங்கினாள்.

விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. பால்காரன் மணி கேட்கவில்லை. காக்கை கேட்கவில்லை. வேறொன்று கேட்டது. தண்ணீர் தேங்கிய சேற்றில் ஒரு கனமான வண்டி மெதுவாகப் போய், நின்று, திரும்பி வருவது போல ஒரு சத்தம். சளக். நிதானம். சளக்.

வெறுங்காலோடு ஓடினாள். முதலில் சக்கரங்கள். சக்பீஸ் கோடு நான்கும் உடையவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் கண்ணாடி வழியே மீட்டரைப் பார்த்தாள். 84,702. ஒரு எண் கூட நகரவில்லை.

அப்பாடா.

பிறகுதான் வேக முள்ளைப் பார்த்தாள். அறுபதில் நின்றது. நடுங்கிக்கொண்டு, அறுபதில்.

சளக்.

பின்கதவு தாழிட்டிருந்தது. கடப்பாரையை எடுத்து வந்து நெம்பினாள். தாழ் தெறித்தது. கறிக்கடை வாடை முகத்தில் அறைந்தது. பூப்போட்ட திரையெல்லாம் கீழிருந்து மேலாகத் தெறித்த சிவப்பு.

“என்னாங்க.”

அன்புராஜ் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. சத்தம் வர நெஞ்சு வேண்டும்.

மேலே ஒன்றும் இல்லை. காற்றுதான். காற்றுக்கு அடியில் அவருடைய இடது தோள் அமுங்கியது. விலா ஒவ்வொன்றாக அமுங்கியது. வெறும் தோலில் டயரின் வரிகள், அச்சு அச்சாக, புதிதாக எழுந்தன. வலது தோள். கட்டில் ஓரம். நின்றது.

அவர் விரல் அவளை நோக்கி நீண்டது.

முள் அறுபதில்.

எண் நகரவில்லை. பூஜ்ஜியம் கிலோமீட்டரில் இருந்தது அவர் ஒருவர்தான்.

வலது தோள் மறுபடி அமுங்கத் தொடங்கியது.