முள் இறங்கியது, பவர் ஏறியது

கார் பட்டறையின் பார்ட்னர் போட்ட சத்தத்தில் மச்சினன் டைனோ அறைக்குள் ஓடினான். காரை உருளைகள் மேல் கட்டி ஓடவிட்டு என்ஜினின் பவரை அளக்கும் அறை. சத்தம் வெளியே போகாதபடி நாலு பக்கமும் அடைத்தது. சூப்பர்சார்ஜர் வண்டிக்குள் அவனுடைய அக்கா கணவர், பட்டறை முதலாளி, ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தார். பின்னால், புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் கழன்று தரையில் கிடந்தது.

அந்தக் குழாயைக் காலையில் மாட்டியவன் அவன்தான்.

மத்தியானம் மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. உயிர் இருக்கிறது, நினைவில்லை. அக்கா அவன் போனை எடுக்கவில்லை. பட்டறையில் ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா குழாயின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“குழாயப் பிடிக்கிற கிளாம்ப்ப முறுக்கினீங்களா?”

“முறுக்கினேன் மேடம்.” முறுக்கினானா, முறுக்கியதாக நினைத்துக்கொள்கிறானா?

“மாமாவுக்கும் பார்ட்னருக்கும் தகராறு ஏதாவது?”

“கட்அவுட்தான். சைலன்சருக்கு முன்னாடியே புகைய அடியில திறந்துவிடற மூடி. அத வச்சா பவர் ஏறும்னு அவரு. சத்தம்தான் ஏறும்னு மாமா. நேத்து பார்ட்னரே மாட்டினாரு. ரிமோட்ல திறக்கும்.”

“திறந்து பாத்தீங்களா?”

“இல்ல. அறைக்குள்ள திறந்தா புகை குழாய்க்கே வராது, கீழயே கொட்டும். ரோட்டுல திறந்து பாக்கலாம், இங்க மூடியே ஓட்டுவோம்னு மாமா சொல்லிட்டாரு.”

இன்ஸ்பெக்டர் எழுந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார். அங்கே அளவுத் திரை முன்னால் பார்ட்னர் உட்கார்ந்திருந்தார்.

“மாட்டினதுலேர்ந்து கட்அவுட்ட யாரும் திறக்கல,” என்றார். “நான் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போன் பேசப் போயிட்டேன். திரும்பி வந்தா குழாய் கழண்டு கிடக்கு. சின்னப் பையன் வேலைன்னா இப்படித்தான்.”

வாசலில் நின்ற மச்சினன் தலை குனிந்தான்.

இன்ஸ்பெக்டர் திரையை எட்டிப் பார்த்தார். “எனக்கு வண்டி தெரியாது. சூப்பர்சார்ஜர்தான் காத்த அடிச்சுத் திணிக்குதே, புகைக்கு வழிவிட்டு என்ன ஆகப்போகுது? முதலாளி சொன்னதுதான் சரின்னு படுது.”

பார்ட்னர் நிமிர்ந்தார். “அவருதான் பெரிய மேதை. உள்ள திணிச்சது வெளிய போகவேணாமா? இந்த வண்டியவே எடுத்துக்குங்க. திணிக்கிற காத்தோட அழுத்தத்தக் காட்டுற பூஸ்ட் முள் ஒரு கோடு இறங்குச்சு. ஏன்? அடைப்பு போச்சு, காத்து தேங்கல. முள் இறங்குச்சு, பவர் ஏறுச்சு. என் கண்ணால பாத்தேன்.”

“எப்ப பாத்தீங்க?”

பார்ட்னர் திரையின் பக்கம் திரும்பினார். “அது... சூப்பர்சார்ஜர் பெல்ட் வழுக்கியிருக்கும்.”

“வழுக்கினா பவரும் சேந்து விழும்,” என்றான் மச்சினன். தன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

“யாரும் திறக்காத மூடி என்ன பண்ணும்னு பாத்த ஒரே ஆள் நீங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “இங்கேருந்தே ரிமோட்ட அமுக்கியிருக்கீங்க. அவர் விழுந்ததும் மூடிட்டு, உள்ள போய்க் குழாயக் கழட்டிப் போட்டீங்க. தானா நழுவின குழாய்ன்னா கிளாம்ப் இறுகினபடி இருக்கும். இதுல காலையில முறுக்கின புதுத் தடம் பதிஞ்சிருக்கு, ஆனா திருகு கடைசி வரைக்கும் தளர்த்தியிருக்கு.”

பார்ட்னரின் தோள் தொய்ந்தது. “கொல்லணும்னு இல்ல மேடம். ஒத்துக்க வைக்கணும்னுதான். ஒரே ஒரு ஓட்டம்.”

“கண்ணாடி வழியா அவர் தெரியறாரு. தலை சாயறது தெரியலயா?”

“முள்ளப் பாத்துட்டிருந்தேன்.”

மச்சினனுக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தால் அவனும் முள்ளைத்தான் பார்த்திருப்பான்.