அண்ணி தொடாத லேப்டாப்

காலை 9.10. லேப்டாப் மூச்சை நிறுத்தியிருந்தது.

தையல்கடைக்காரி மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி ஓடியது. திரை ஒரு கணம் வெளுத்தது, உடனே இருண்டது. இடது கையை விசைகளுக்குப் பக்கத்தில் ஊன்றியபடியே வலது விரலால் மூன்றாம் முறை, நான்காம் முறை அழுத்தினாள். அதே கதைதான். அவள் உதட்டில் நூல், மணிக்கட்டில் காந்தப்பட்டை, அதில் கொத்தாகக் குண்டூசி. கடை திறந்ததும் மாட்டுகிற பட்டையைக் கடை பூட்டும்போதுதான் கழற்றுவாள். ஆஸ்பத்திரி நர்ஸுகள் முப்பத்திரண்டு பேரின் சீருடை அளவு முழுக்க அந்த ஒன்பது வருடப் பழைய பெட்டிக்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை உடுப்பு போய்ச் சேராவிட்டால், இனி அந்த ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

9.40. அண்ணி வந்தாள். அண்ணனின் மனைவி. நாலு வருடமாகக் கடையில் துணி வெட்டுவதும் லேப்டாப்பைக் கட்டி மேய்ப்பதும் அவள்தான். அடுத்த மாதம் தனியாகக் கடை போடப்போவதாகப் போன வாரம்தான் சொல்லியிருந்தாள்.

"நேத்து கடைசியா இதைத் தொட்டது யாரு?"

"நான்தான். ஏழு மணிக்கு மூடினேன். நல்லாத்தானே இருந்துச்சு? தள்ளு, பாக்குறேன்."

"கையை வைக்காதீங்க! பண்ணின வரைக்கும் போதும்."

அண்ணியின் முகம் வெளுத்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அந்த வெளுப்பையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொண்டாள் தையல்கடைக்காரி. தனிக்கடை போடுகிறவளுக்கு இந்தக் கடை கவிழ்ந்தால் கொண்டாட்டம்தானே! வாய்க்கு வந்ததை வடிகட்டாமல் கொட்டினாள். அண்ணி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதோடாவது தையல்கடைக்காரி விட்டாளா? அண்ணனைப் போனில் பிடித்து, "உன் பொண்டாட்டி என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டா" என்று வத்தியும் வைத்தாள்.

10.30. எதிர்வரிசையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்து பெட்டியைத் தூக்கிப் போனார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. தெருவுக்கே அவர் இரட்டைக்கண்ணாடி.

11.15. திரும்பி வந்தார்.

"என் மேசையில அஞ்சு தடவை போட்டேன். அஞ்சு தடவையும் சமத்தா கிளம்புது."

போட்டும் காட்டினார். திரை எரிந்தது. அளவுகள் வரிசையாக வந்து நின்றன. தையல்கடைக்காரி பாய்ந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றினாள். இருண்டது.

"பாத்தீங்களா சார்? என்னமோ பண்ணி வச்சிட்டுப் போயிருக்காங்க!"

இரட்டைக்கண்ணாடி பெட்டியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"தினமும் இதைப் போடுறது யாரு?"

"அண்ணி."

"நீங்க?"

"தொட்டதே இல்ல. நான் அளவு சொல்வேன், அவங்க அடிப்பாங்க."

"இன்னிக்கு?"

"அவங்க வர லேட்டாச்சு. நானே போட்டேன்."

"வந்தப்புறம் அவங்க போட்டுப் பாத்தாங்களா?"

"நான் விடல."

"விட்டிருந்தா அப்பவே கிளம்பியிருக்கும். இடது கையைத் தூக்குங்க."

தூக்கினாள். அவர் பொத்தானை அழுத்தினார். திரை எரிந்தது.

"இப்ப வைங்க."

வைத்தாள். இருண்டது.

"குற்றவாளி உங்க மணிக்கட்டுல இருக்காரும்மா. லேப்டாப் மூடியில ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அது கிட்ட வந்தா, 'மூடிட்டாங்க, தூங்குவோம்'னு பெட்டி கண்ணை மூடிக்கும். உங்க குண்டூசிப் பட்டையை அது மூடின்னு நம்பிடுச்சு. அண்ணி கத்தரிக்கோல்காரங்க, அவங்க கையில பட்டை கிடையாது. அதான் நாலு வருஷமா இந்த வம்பே வரல."

அவர் போன பிறகும் அவள் பட்டையைக் கழற்றவில்லை. காது மடல் வரை சுட்டது. அண்ணிக்கு மூன்று முறை போன் போட்டு, மணி அடிப்பதற்குள் மூன்று முறையும் துண்டித்தாள். பெட்டியை அண்ணி நிஜமாகவே கெடுத்திருக்கக் கூடாதா என்று ஒரு நொடி தோன்றியது. அப்படி நினைத்ததற்கும் சேர்த்து அவமானமாக இருந்தது.

பிற்பகல் 2.20. அண்ணி படியேறி வந்தாள். முதுகெல்லாம் வியர்வை, கழுத்தில் அளவு நாடா. ஒரு நோட்டை மேசையில் வைத்தாள்.

"ஒவ்வொரு வார்டா ஏறி இறங்கி இருபத்தொன்பது பேருக்குத் திரும்ப அளவு எடுத்துட்டேன். மூணு பேரு ராத்திரி டியூட்டி, தூங்குறாங்களாம். அஞ்சு மணிக்குப் போய் எடுத்துக்கிறேன். நேத்து நான் என்னத்தை அழுத்தித் தொலைச்சேனோ தெரியல. வேணும்னு பண்ணலம்மா."

தையல்கடைக்காரி சொல்லிவிட்டாள். பட்டை, மூடி, காந்தம் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

அண்ணி எரிகிற திரையைப் பார்த்தாள்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலியா?"

"இல்ல அண்ணி. மன்னிச்சிடுங்க."

"உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு. காலையிலேர்ந்து நான் கூப்பிட்டா போனை எடுக்க மாட்டேங்கிறார்."

தையல்கடைக்காரி போன் போட்டாள். முதல் மணியிலேயே அண்ணன் எடுத்தான். அவனுக்கு எப்போதும் பெரிய குரல். அண்ணிக்கும் நன்றாகவே கேட்டது.

"என்ன, ஒத்துக்கிட்டாளா?"

தையல்கடைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒத்துக்க வேண்டியவ நான்தாண்ணா" என்றாள்.