சிங்கராயரின் கண்ணாடி மீன்

பெனிஷா அந்தப் பழுப்புப் பாட்டிலை மேசைமேல் வைத்த விதத்திலேயே, இது மாப்பிள்ளை விசாரிக்கிற வேலை இல்லை என்று ரஞ்சிதாவுக்குப் புரிந்துவிட்டது. ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரி மாடியில் இருந்த பெரியதம்பியின் துப்பறியும் அலுவலகத்துக்கு 2004-இல் வந்ததெல்லாம் கல்யாண விசாரணைதான். உதவியாளராகச் சேர்ந்த நாள் முதல் ஒரு நல்ல திருட்டுக்காக ஏங்கிக் கிடந்தாள் ரஞ்சிதா.

"எங்கப்பாவோட மீன மாத்திட்டாங்க சார். எங்கண்ணன் ஜாக்சன்தான்," என்றாள் பெனிஷா.

அப்பா சிங்கராயர் ஆழ்கடல் ஆய்வுக் கப்பலில் வலை இழுத்தவர். அவர் நினைவாக மிஞ்சியவை இரண்டு பாட்டில்கள். ஒன்றில் பாம்புபோல் நீண்ட கறுப்பு மீன், அது ஜாக்சனிடம். மற்றதில் அதன் குஞ்சு, அது பெனிஷாவிடம்.

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப, தூத்துக்குடி துறைமுகத்துல டம்ளர்ல வெச்சுக் காட்டுனாரு. கண்ணு ரெண்டும் நீளமான காம்பு நுனியில நிக்கும். பேப்பர் மேல வெச்சா அடியில எழுத்து தெரியும், அப்படி ஒரு தெளிவு. அப்புறம் பாட்டில்ல போட்டு, கெடாம இருக்க மருந்து ஊத்தி, துண்டுல சுத்தி, பெட்டியில வெச்சுட்டாரு. மருந்து கண்ண எரிக்கும்னு நான் கிட்டயே போனதில்ல. கிறிஸ்துமஸுக்கு முன்னால மருந்து மாத்துறது அப்பா, அவருக்கப்புறம் அண்ணன். இந்த வருஷம் அவனுக்குக் கைக்குழந்தை. நானே தெறந்தேன். எரியவே இல்ல சார். வெறும் தண்ணி. நெச மீனா இருந்தா அழுகியிருக்கணுமே."

"அண்ணன் மேல ஏன் சந்தேகம்?" என்றார் பெரியதம்பி.

"ரெண்டு மீனும் ஒரே எடத்துல இருக்கட்டும்னு கேட்டான். நான் குடுக்கல. ஞாயித்துக்கிழம அவன் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான்தான். வரமாட்டேன்னு சொல்லிட்டேன்." அவளுக்குப் பிறந்த வீடென்று மிச்சமிருந்தது அந்த அண்ணன் ஒருவன்தான்.

பெரியதம்பி கரண்டியால் மீனை எடுத்து நகத்தால் தட்டினார். பிளாஸ்டிக். பளிங்குபோல் இருந்தது.

"ஜாக்சனுக்கு என்ன வேலை?"

"வண்டி ஹெட்லைட் மூடி வார்க்கிற கம்பெனி. எங்க வீட்டுக்காரர் ஆனந்தும் அங்கதான். அவரு இங்க மலப்பக்கம் தளி ஊர்க்காரரு, கடலையே பாத்ததில்ல. இந்தக் கதைய எத்தன தடவ சொன்னாலும் வாயப் பொளந்து கேப்பாரு. மே மாசம் வீடு மாத்துனப்பகூட இந்தப் பெட்டிய அவரே தூக்கிட்டு வந்தாரு."

ரஞ்சிதா மனசுக்குள் வழக்கை முடித்தே விட்டாள். ஜாக்சனுக்கு ஆசையும் இருந்தது, பிளாஸ்டிக்கும் இருந்தது.

மாலையில் தன் வீட்டில் ஜாக்சன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினான். "அந்த வெள்ளை நூல நான் எதுக்கு சார் திருடப்போறேன்? கேட்டேன், குடுக்கல, விட்டுட்டேன். தங்கச்சிய வரச் சொல்லுங்க, அது போதும்."

"நல்லா நடிக்கிறான் சார்," என்றாள் ரஞ்சிதா, படியிறங்கும்போது. பெரியதம்பி எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் மீன்வளக் கல்லூரி ஒன்றுக்குப் பேசிவிட்டு, சிரித்தபடி வெளியே வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பெனிஷா வீட்டில் அவளையும் ஆனந்தையும் ஜாக்சனையும் உட்கார வைத்தார். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"இந்தக் குஞ்சு கடல்ல இருக்கறப்பதான் கண்ணாடி. மருந்துல போட்டா, அவிச்ச முட்ட மாதிரி வெளுத்துரும். வருஷா வருஷம் பாட்டிலத் தெறந்த ஜாக்சன் அதனாலதான் 'வெள்ளை நூல்'னார். அவர் போலி செஞ்சிருந்தா, வெள்ளையாத்தான் செஞ்சிருப்பார்."

ரஞ்சிதாவுக்கு முகம் சூடானது.

"செஞ்சவர் மீனப் பாத்துச் செய்யல. பெனிஷா சொன்ன கதையக் கேட்டுச் செஞ்சிருக்கார். காம்புக் கண்ணு, அடியில எழுத்து தெரியற தெளிவு, எல்லாம் அந்தக் கதையில இருக்கறது. அத மனப்பாடம் ஆகுற அளவுக்குக் கேட்டவர் ஒருத்தர்தான்."

ஆனந்த் தலை நிமிரவில்லை. "வீடு மாத்துன அன்னிக்கு மூடி கழண்டு எல்லாம் கொட்டிருச்சு. இருட்டுல மிதிச்சுட்டேன். என்னன்னு தெரியாத அளவுக்கு நசுங்கிருச்சு. மாமா கல்லறை ஓரத்துல பொதச்சேன். மச்சான் மேல பழி வந்தப்ப சொல்லியிருக்கணும். வாய் வரல."

அவன் மறைத்ததைவிட, தளியில் பிறந்தவன் காதால் கேட்டே வார்த்த கடல் மீன்தான் ரஞ்சிதாவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"கறுப்பு மீனையும் இந்தக் குஞ்சையும் ரொம்ப காலம் வேற வேற மீன்னு நெனச்சாங்களாம்," என்றார் பெரியதம்பி மெதுவாக. "அண்ணன் பாத்தது ஒண்ணு, தங்கச்சி பாத்தது ஒண்ணு. மீன் ஒண்ணுதான்."

பெனிஷா எழுந்து அன்றைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் மீனை வைத்தாள். அடியில் எழுத்துகள் தெரிந்தன. வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"அப்பா அன்னிக்குக் காட்டுனது இதுதான்," என்று கணவனிடம் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"பாப்பாவுக்கு வெள்ளை கவுன் ஞானத்தாய்தான எடுக்கணும்? அளவு சொல்லு. கடை மூடிருவான்."