ஓடுபாதை இருபத்துநான்கு

காலை 8.40. சம்பாலஸ் கடலோரத்து விமானப் பயிற்சித் தளத்தில், பயிற்சி மாணவி லிகாயா முதன்முறையாகத் தனியே ஓட்டிய சிறு விமானம் தரையில் மூக்கை இடித்து, ஓடுபாதையின் வெள்ளைக் கோட்டின் மேலேயே நின்றுவிட்டது. முன்சக்கரம் வெடித்துப் போனது. பெண்ணுக்குக் கீறல்கூட இல்லை.

விமானப் பாதுகாப்பு நாள் விழாவுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் கேப்டன் ஃபாபியன் கொடுத்த, விமானிகளைக் காக்கும் லொரேத்தோ மாதாவின் பதக்கத்தை ஆளுக்கொன்றாக இரும்பு நாற்காலியில் ஒட்டி விளையாடியவர்கள், இப்போது வாயைப் பிளந்து நின்றார்கள். ஊருக்குள் பயணிகளை ஏற்றும் ஜீப்னிக்காரர்கள் வண்டியில் ஒட்டிக்கொள்ளும் அதே காந்தப் பதக்கம்தான்.

விழாவில் லிகாயாவுக்கு விமானிப் படிப்பு உதவித்தொகை அறிவிப்பதாக இருந்தது. அதைக் கொடுக்க வந்த விருந்தாளி விபத்து விசாரணை அதிகாரி நெனிதா. வந்த இடத்திலும் வேலை விடவில்லை.

"பொண்ணு பயந்துட்டா," என்றார் தளத்தின் தலைமைப் பயிற்சியாளரான கேப்டன். நெனிதாவுக்கும் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். "இறங்கும்போது மூக்கைத் தூக்கப் பிடியை நல்லா இழுக்கணும். இழுக்கல. அவ்வளவுதான்."

நெனிதா அப்படியே நம்பினாள். அத்தனை பேர் காதிலும் விழும்படி லிகாயாவை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"கை உதறுறவளுக்கு எதுக்கும்மா வானம்? உதவித்தொகை வேற யாருக்காவது போகட்டும்."

"இழுத்தேன் மேம். பாதியில முட்டி நின்னுடுச்சு," என்றாள் லிகாயா. "ஏறுறதுக்கு முன்னாடி கடைசிவரைக்கும் இழுத்துப் பாத்தேன். அப்போ சரியா இருந்துச்சு."

9.10. மெக்கானிக் தோரிங் பிடியை இழுத்தார். வெண்ணெயாக வந்தது.

"என் பொண்டாட்டி கூட இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்ல மேம்."

நெனிதா ஏறி உட்கார்ந்தாள். எதிரே திசைகாட்டி இருபத்துநான்கு காட்டியது. ஓடுபாதையின் பெயரும் இருபத்துநான்கு. அது நோக்கும் திசை 240 பாகை; கடைசிச் சுழியை விட்டுச் சொல்வதே அதன் பெயர், திசைகாட்டியின் எண்ணும் அப்படித்தான். எல்லாம் ஒழுங்கு. கீழே இறங்கி லிகாயாவிடம் வந்தாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கிற மூஞ்சியா இது?"

"ஓடுபாதையில கிளம்ப நின்னப்போ திசைகாட்டி இருபத்திரண்டு காட்டுச்சு மேம். முதல் நாளே குறை சொன்னா சார் என்ன நினைப்பாரோன்னு வெட்கப்பட்டு வாயைத் திறக்கல."

நெனிதா திரும்பி விமானத்தைப் பார்த்தாள். அதே ஓடுபாதை, அதே திசை.

"இடிச்ச பிறகு முதல்ல வந்தது யாரு?"

"கேப்டன் சார். என்னை இறக்கிவிட்டுட்டு, எஞ்சினை அணைக்கிறேன்னு உள்ள குனிஞ்சார்."

"அணைச்சாரா?"

"நான்தான் எல்லாத்தையும் முன்னாடியே அணைச்சுட்டேனே மேம்."

நெனிதா கேப்டனின் அறைப் பக்கம் பார்த்தாள். வேறு யாராவதாக இருக்கக் கூடாதா என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது.

9.40. கேப்டனின் அறை. அவர் விழாவில் பேச வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், போனை அந்த மேசை மேல வைங்க. அதுலயும் காந்தம் இருக்கு."

வைத்தார். நெனிதா கையடக்கத் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு அவரை நெருங்கினாள். முள் தடுமாறியது. வடக்கை மறந்துவிட்டு அவர் சட்டைப் பையைக் காட்டி நின்றது.

"லிகாயா கிளம்பும்போது விமானத்துத் திசைகாட்டி முள் தப்பா நின்னுச்சு. இப்போ சரியா நிக்குது. அதாவது, உள்ள காந்தம் ஒண்ணு இருந்துச்சு, இப்போ இல்ல. விமானத்துல பெரும்பாலும் அலுமினியம்; காந்தம் ஒட்டாது. திசைகாட்டிக்கு அடியில எஃகுன்னு கைக்கு எட்டுறது பிடியோட தண்டுதான். அதுல ஒட்டினீங்க. அதிர்வுல நழுவி இடுக்குல மாட்டிக்கிச்சு. பிடி நின்னுடுச்சு. அவளை இறக்கிவிட்டுட்டு எடுத்துட்டீங்க."

கேப்டன் பையிலிருந்து பதக்கத்தை எடுத்து வைத்தார். மாதாவின் முகம் நசுங்கியிருந்தது.

"பிள்ளை பத்திரமா வரணும்னுதான் வச்சேன் நெனிதா."

"வச்சது தெரியாத்தனம். ஒளிச்சது?"

"பாதுகாப்பு பத்திப் பேசப்போறவன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு..."

"அதுக்கு அவ மூஞ்சியைக் கொடுத்துட்டீங்களா சார்?"

அவர் பார்வையைப் பதக்கத்தின் மேலேயே வைத்துக்கொண்டார். நெனிதாவாலும் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விமானத்தின் பக்கமே போகாமல், அவர் சொன்னார் என்பதற்காக ஒரு பெண்ணை ஊர் பார்க்கக் கிழித்தவள் அவள்தானே.

"நீங்க எழுதி வச்சதை விடுங்க. நடந்ததைப் பேசுங்க," என்றாள்.

10.00. மேடையில் கேப்டனைக் கண்டதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னிக்கு விமானம் இடிச்சதுக்குக் காரணம் நான். பழியை லிகாயா மேல போட்டதும் நான்."

அவர் இறங்கியதும் நெனிதா மைக்கைப் பிடித்தாள்.

"பாக்காமலே தீர்ப்பு சொன்னது நான். லிகாயா, மன்னிச்சுடும்மா. உதவித்தொகை உனக்குத்தான்."

வாங்கிக்கொள்ள லிகாயா மேடையேறினாள். நெனிதா நீட்டிய உதவித்தொகை உறையை வாங்காமல் மைக்குக்குக் கை நீட்டினாள். முகம் சிவந்திருந்தது.

"திசைகாட்டி தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாம பறந்தது நான்," என்றாள்.

பிறகுதான் உறையை வாங்கிக்கொண்டாள்.